எருவும் தீட்டும்: காந்திய ஆசிரமங்களில் மட்குக் கழிப்பறையின் வரலாறு

மனிதக் கழிவை மண்ணோடு சேர்த்து மட்கச் செய்து எருவாக்கும் கழிப்பறை, தொழில்நுட்ப நோக்கில் மிக எளியது. குழி, உலர்ந்த மண் அல்லது சருகு, காற்று, காலம் ஆகிய நான்குமே அதற்கு வேண்டியவை. சீனத்திலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக மனித எருவிட்டு வயல்கள் விளைந்துள்ளன. லடாக்கின் பௌத்த இல்லங்களில் மேல்தளத் துளைவழி விழும் கழிவு, கீழறையில் மண்ணோடு கலந்து மட்கி வயலுக்குச் செல்லும் வழக்கம் உண்டு. ஏர் உழுவதினும் எருவிடுதலை உயர்த்திப் பேசும் வள்ளுவரைப் போற்றும் நாட்டில், சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் செல்வமெனச் சேர்த்துவைக்கும் உழவரிடையே இம்முறை பரவலாக வேரூன்றவில்லை. இது விளக்கம் வேண்டும் செய்தியாகும்.

இவ்வினாவை நேர்முகமாக எதிர்கொண்டவை, தமக்கு வேண்டியவற்றைத் தாமே விளைத்துக்கொள்ளும் நோக்குடன் எழுந்த காந்திய ஆசிரமங்கள் ஆகும். பிற சமயத்தவரும் அவற்றில் இருந்தனர் எனினும் உறுப்பினர் பெரும்பாலோர் இந்துக்களே. அவருள்ளும் உயர்சாதியினர் பலர். கழிவை மண்ணாக்கும் கலையில் அவ்வாசிரமங்கள் விரைவில் தேர்ந்தன. கழிவைக் கையாளும் கை யாருடையது என்பதே அவற்றை இறுதிவரை அலைக்கழித்தது. கழிப்பறை வடிவத்தில் காலந்தோறும் ஏற்பட்ட மாற்றங்கள் இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடைகளே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் சொல்லும்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, அறிவுடையோர் உமிழ்தலும் மலசலம் கழித்தலும் செய்யாத இடங்கள் பத்தினைத் தொகுத்துரைக்கிறது. புல்தரை, பயிர், சாணம், சுடுகாடு, வழி, நீர்த்துறை, கோயில், நிழல், ஆநிலை, சாம்பல் என்பன அவை. மனு நூலின் நான்காம் அத்தியாயமும் வழி, சாம்பல், ஆக்கொட்டில், உழுத நிலம், நீர்நிலை முதலியவற்றை விலக்குகிறது. ஆசாரக்கோவை வடமொழி ஆசார நூல்களைத் தழுவியது ஆதலின் இவ்வொற்றுமை வியப்புக்குரியதன்று. இப்பட்டியலில் நீர்நிலையையும் வழியையும் விலக்கியமை உடல்நல நோக்கில் இன்றும் ஏற்கத்தக்கது. ஆனால் பயிர்நிலம், சாணம், சாம்பல் ஆகிய மூன்றும் மட்குக் கழிப்பறைக்கு இன்றியமையாத கூட்டாளிகள். கழிவின் ஈரத்தை உறிஞ்சுவது சாம்பல். மட்குதலைத் தூண்டும் நுண்ணுயிர்களைத் தருவது சாணம். முடிவில் எருவை ஏற்பது பயிர்நிலம். இம்மூன்றினின்றும் மனிதக் கழிவைப் பிரித்துவைத்தது ஆசாரம்.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. உடல் தூய்மைக்கு நீரோடு மண்ணையும் பலமுறை பூசிக் கழுவுமாறு அதே மனு நூல் விதிக்கிறது. மண் தூய்மை செய்யும் பொருள் என்பது மரபுக்கு முற்றிலும் உடன்பாடு. காந்தியடிகள் பிற்காலத்தில் பற்றிக்கொண்ட நூலிழை இதுவே எனலாம்.

தமிழில் இச்செயலைக் குறிக்கும் வழக்குகள் பெரும்பாலும் இடக்கரடக்கலாக அமைந்தவை. கால் கழுவுதல், வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல் என்பவற்றுள் முதலது நீரையும் பின்னவை இரண்டும் வீட்டுக்குப் புறம்பான இடத்தையும் சுட்டுகின்றன. வீட்டினுள் அமைந்த கழிப்பறைக்குப் பேச்சுவழக்கில் நிலைத்த கக்கூஸ் என்னும் சொல் டச்சு மொழியினின்று வந்தது. பிறர் வந்து அள்ளிச்செல்லும் வகைக்கு ‘எடுப்புக் கக்கூஸ்’ என்று பெயர். எடுப்பு என்னும் தொழிற்பெயர், எடுப்பவர் ஒருவர் உளர் என்பதைக் கொண்டே பிறந்தது. எனினும் அவர் யார் என்பதைச் சொல் வெளிப்படுத்தவில்லை. வெளிக்குப் போகிறவன் தன் கழிவை வெயிலுக்கும் மண்ணுக்கும் விட்டுவிட்டு வருகிறான். எடுப்புக் கழிப்பறை உள்ள இடத்தில்தான் சுமப்பதற்கென ஒரு சாதி தேவைப்படுகிறது. நகரங்கள் பெருகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகராட்சிகள் இத்தொழிலைத் தம் துறைகளுள் ஒன்றாக்கியபோது, இவ்வேலை பிறப்பினால் வரும் அரசு வேலையாகவே ஆயிற்று.

மனித எருவின்மீதான அருவருப்பு எங்கும் ஒரே அளவினதாக இருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. இந்திய வேளாண்மை குறித்து வோல்கர் எழுதி 1893இல் வெளிவந்த அறிக்கை, சில நகரங்களின் அருகே உழவர் நகரக் கழிவை எருவாகக் கொண்டதைக் குறிப்பிடுகிறது. பூனாவைச் சூழ்ந்த கரும்பு நிலங்கள் அத்தகையன. விளைச்சலின் முன் ஆசாரம் இணங்கிப் போவதுண்டு. அங்கும் கழிவைச் சுமந்தவர் துப்புரவுச் சாதியினரே. உழவர் கைக்கு வந்தது எரு மட்டுமே.

இராஜ்கோட்டிலிருந்து டால்ஸ்டாய் பண்ணைவரை

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது, இராஜ்கோட்டில் சுகாதாரக் குழுவில் சேர்ந்து காந்தியடிகள் வீடுதோறும் கழிப்பறைகளைப் பார்வையிட்டார். செல்வர் வீட்டுக் கழிப்பறைகள் இருளும் நாற்றமும் நிறைந்திருந்தன எனவும், தீண்டத்தகாதார் எனப்பட்டோர் குடியிருப்பில் கழிப்பறையே இல்லை எனினும் வீடுகள் சாணத்தால் மெழுகித் தூய்மையாக இருந்தன எனவும் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். அக்குடியிருப்புக்கு அவருடன் வர இசைந்த குழு உறுப்பினர் ஒருவர் மட்டுமே. கழிப்பறை பெரிய மனிதர்களுக்கே உரியது என்று அங்கு வாழ்ந்தோர் கூறினராம். இக்கூற்றில் எள்ளலும் உண்மையும் சம அளவில் உள்ளன.

1901இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக் காட்சி தமிழர்க்குச் சற்று நாணம் தருவது. பிறர் பார்வை பட்டாலும் தீட்டு என்று தமிழ்ப் பிரதிநிதிகள் தட்டியால் நாற்புறமும் அடைத்த தனிச் சமையலிடம் அமைத்துக்கொண்டனர். மாநாட்டு வளாகத்துக் கழிப்பறைகளோ நெருங்க முடியாத நிலையில் இருந்தன. அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கிவிட, காந்தியடிகள் துடைப்பம் கேட்டுவாங்கித் தாம் பயன்படுத்திய பகுதியைத் தாமே துப்புரவு செய்தார். உணவின் தூய்மைக்கு வேலி கட்டியவர்கள் கழிவின் தூய்மையைத் தம் பொறுப்பாகக் கருதவில்லை என்பதே இக்காட்சி காட்டுவது.

இடையில் 1898இல் டர்பன் இல்லத்தில் நிகழ்ந்ததும் தமிழ்த் தொடர்புடையதே. பஞ்சமப் பெற்றோர்க்குப் பிறந்த கிறித்தவ எழுத்தர் ஒருவரின் சிறுநீர்க் கலத்தைத் தூய்மை செய்யும் பொறுப்பு கஸ்தூர்பாவிடம் வந்தபோது, அவர் கண்ணீர் மல்க அதனைச் சுமந்தார். மகிழ்ச்சியோடு சுமக்கவேண்டும் எனக் கணவர் சினந்து, அவரை வாயில்வரை இழுத்துச் சென்றதைக் காந்தியடிகளே மறைக்காமல் பதிவுசெய்துள்ளார். சமத்துவத்தின் பெயரால் ஏவப்பட்ட அச்சுமை, வீட்டினுள் வலியவர் எளியவரிடம் தள்ளிய சுமையாகவே இருந்தது. பிற்கால ஆசிரமங்களில் இப்பணி முறைவைத்துப் பகிரப்பட்டதன் சிறப்பு, இந்நிகழ்ச்சியோடு ஒப்பிடும்போதே விளங்கும்.

1904இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பும், ஜொகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் 1910இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையும் இம்முறை உருப்பெற்ற களங்கள். பண்ணையில் வாழ்ந்தோருள் சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பத்தினரான தமிழர் பலர். அங்கு ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழமுள்ள சதுரக் குழியில் கழிவு இடப்பட்டு, தோண்டிய மண்ணாலேயே முழுதும் மூடப்பட்டது. கழிவுநீர் மரங்களுக்குப் பாய்ச்சப்பட்டது. காய்கறிக் கழிவும் எருவாயிற்று. ஆழம் குறைவாக இருத்தல் இங்கு முதன்மையானது. ஆங்கில மருத்துவர் பூர், மேல்மண்ணில்தான் நுண்ணுயிர்கள் செறிந்துள்ளன என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் கழிவைப் புதைத்தலாகாது என்றும் எழுதினார். காந்தியடிகள் இக்கருத்தைப் பலகாலும் எடுத்தாண்டார். ஒரு வாரத்தில் கழிவு நல்ல மண்ணாகிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் மிகை எனவே தோன்றுகிறது. நாற்றம் நீங்குதல் வேறு, நோய்க்கிருமி நீங்குதல் வேறு. நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது. காலம் என்னும் நான்காவது கூறு அக்காலத்தில் உரிய இடத்தைப் பெறவில்லை.

சபர்மதியும் வார்தாவும்

இந்தியாவில் 1915இல் கோச்சரபில் தொடங்கி 1917இல் சபர்மதிக் கரைக்குப் பெயர்ந்த ஆசிரமத்தில், தொடக்க ஆண்டுகளில் கழிப்பறை வாளிகளை அகற்றியவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒரு துப்புரவுத் தொழிலாளியே ஆவர். தீண்டாமையை ஒழிக்க உறுதிபூண்ட இடத்திலும் இவ்வேலை முதலில் பழைய கைகளிலேயே விடப்பட்டிருந்தது. அவர் நோயுற்றபோது அவருடைய சிறு மகன் வாளியைத் தூக்கிச்செல்ல இயலாமல் அழுதான். அதனைக் கண்ட பால்கோபா உதவிக்குச் சென்றார். அவர் வினோபாவின் தம்பி, பிராமணர். வினோபாவும் சுரேந்திரரும் உடன் சேர்ந்தனர். ஆசிரமத்தார் சிலர்க்கும் கஸ்தூர்பாவுக்கும் இது உவப்பாக இல்லை. காந்தியடிகளோ முழுமையாக ஆதரித்தார். ஆசிரம விதிகள் பலவும் கொள்கையாக அறிவிக்கப்பட்டுப் பின் நடைமுறைக்கு வந்தவை. இது மட்டும் ஒரு சிறுவனின் அழுகையிலிருந்து தொடங்கிப் பின்னரே கொள்கையாயிற்று.

1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தார்க்கு எழுதிய கடிதங்களில், உண்பது போலவே கழித்தலும் இயற்கை ஆதலின் அவரவர் கழிவை அவரவரே அகற்றுதல் தலைசிறந்தது எனவும், அது இயலாதபோது ஒவ்வொரு குடும்பமும் தன் துப்புரவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் எனவும் காந்தியடிகள் வரையறுத்தார். உழைத்துண்ணல் என்னும் நோன்பின் பகுதியாகவே துப்புரவு இவ்வாறு வைக்கப்பட்டது. தன்னிறைவு என்ற சொல் நூற்பிலும் உழவிலும் தொடங்கிக் கழிவிலே வந்து முழுமை பெறுகிறது என்பது இதன் உட்கோள்.

1930களில் களம் வார்தாப் பகுதிக்கு மாறியது. 1934 டிசம்பரில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் தஞ்சையிற் பிறந்த ஜே.சி. குமரப்பா. மண்ணிலிருந்து எடுப்பது மண்ணுக்கே மீளவேண்டும் என்னும் சுழற்சியை அவர் பொருளாதாரக் கொள்கையாகவே வளர்த்தார். 1945இல் வெளிவந்த அவரது ‘நிலைபேற்றின் பொருளாதாரம்’ அக்கொள்கையின் விரிவு. தம் இறுதி ஆண்டுகளில் அவர் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனத்தில் வாழ்ந்தார்.

அக்காலத்தில் அறிவியலும் துணைநின்றது. ஆல்பர்ட் ஹோவார்டு, இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றி உருவாக்கிய மட்கெரு முறையைக் காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழில் பரப்பினார். 1939இல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா உருவாக்கிய முறையில் நகரக் குப்பையும் மலக்கழிவும் அடுக்கடுக்காகக் குழியிலிட்டு மூடப்பட்டுப் பல மாதங்கள் விடப்பட்டன. இந்தூர் முறையில் குவியலைக் குறிப்பிட்ட நாள்களில் கிளறவேண்டும். பெங்களூர் முறையில் அத்தேவை இல்லை. வேளாண் நூல்களில் இவ்வேறுபாடு விரைவு, தழைச்சத்து இழப்பு ஆகியவற்றின் அடிப்படையிலேயே பேசப்படும். சமூக நோக்கில் பார்த்தால், கழிவின்மீது கை எத்தனைமுறை படவேண்டும் என்பதே வேறுபாடு. மீராபென் முயற்சியால் 1947 டிசம்பரில் தில்லியில் அகில இந்திய மட்கெரு மாநாடு கூடியது. பிரிவினைக் கலவரங்களின் நடுவே அதுகுறித்துக் காந்தியடிகள் எழுதியமை, இப்பொருளுக்கு அவர் அளித்த இடத்தைக் காட்டும்.

ஆசிரம வேலிக்கு வெளியே இம்முறை எவ்வாறு ஏற்கப்பட்டது? வினோபா 1946ஆம் ஆண்டு வாக்கில் பவுனாரை அடுத்த சுர்காவ் என்னும் சிற்றூருக்கு நாள்தோறும் மண்வெட்டியுடன் சென்று, தெருவோரக் கழிவை அகற்றிவந்தார். மழைவெள்ளத்தால் ஓடையைக் கடக்க இயலாத ஒரு நாளில், ஊர்த்தோட்டி வந்து திரும்பினான் எனக் கோயிலில் உள்ள இறைவனிடம் சொல்லுமாறு அக்கரையில் நின்றவரிடம் கூவிச் சொன்னதாக அவர் நினைவுகூர்கிறார். பணியின் உயர்வு ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் அகற்றுபவர் மாறினாரேயன்றி, அகற்றப்படவேண்டிய நிலை மாறவில்லை.

கண்கவலியின் விடை

இந்நிலையை வடிவமைப்பின்வழி மாற்ற முயன்றவர் கொங்கணத்தின் அப்பாசாகேப் பட்வர்தன். 1894இல் பிறந்த இவரும் பிராமணரே. 1932இல் இரத்தினகிரிச் சிறையில் துப்புரவு வேலை தமக்குத் தரப்படவேண்டும் எனக் கேட்டார். உயர்சாதிக் கைதிக்கு அவ்வேலை தருவதற்கில்லை எனச் சிறை மறுத்தது. அவருக்கு ஆதரவாகக் காந்தியடிகள் எரவாடாவில் டிசம்பர் 3 அன்று உண்ணாநோன்பு தொடங்க, ஓரிரு நாள்களில் அரசு இணங்கிவர அது முடிவுற்றது. சாதிப் பிரிவைப் பேணுவதில் அயலவர் ஆட்சி ஆசார நூல்களுக்குச் சிறிதும் பின்தங்கவில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்று.

விடுதலைக்குப்பின் பட்வர்தன் கண்கவலியில் கோபுரி ஆசிரமத்தை அமைத்தார். இறந்த மாட்டின் தோலுரிப்பும் கழிவிலிருந்து எருவாக்கமும் அங்கு ஒருங்கே நடைபெற்றன. தீட்டு மிகுதி எனக் கருதப்பட்ட தொழில்களையே அவர் தேர்ந்தெடுத்தார். அங்கு உருவான கழிப்பறை, கோபுரி வகை என அறியப்படுகிறது. மராத்தியில் ‘சோப்பா சண்டாஸ்’, அதாவது எளிய கழிப்பறை, என அவர் பரப்பிய வடிவமும் உண்டு. கோபுரி வகையின் கருத்து இது: அறைகள் இரண்டு, ஒன்று பயன்பாட்டில் இருக்கையில் மற்றது மூடப்பட்டு மட்கும், ஒவ்வொரு முறையும் மண், சாம்பல், சருகு போன்றவை தூவப்படும். முதலறையைத் திறக்கும்போது அதில் இருப்பது மலமன்று, மண். டால்ஸ்டாய் பண்ணையில் விடுபட்ட காலம் என்னும் கூறு இங்கு வடிவத்திலேயே கட்டப்பட்டது. சபர்மதியில் உயர்சாதிக் கை வாளியைத் தொட்டது; கண்கவலியில் தொடவேண்டிய வாளியே இல்லாமற் போயிற்று. இவ்வரலாற்றின் திருப்புமுனையாக இதனையே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதார்க்குச் செய்தவை குறித்த நூலில் வைத்த கண்டனத்தை இங்கு ஒப்புநோக்க வேண்டும். துப்புரவை உன்னதத் தொண்டு எனப் போற்றுவது, அத்தொழிலில் பிறப்பால் கட்டுண்டவரை அதிலேயே மனநிறைவோடு இருத்திவைக்கும் கொடுமை என்பது அவர் வாதம். ஆசிரமவாசி விரும்பி ஏற்ற நோன்பிலிருந்து விரும்பியபோது விலகலாம். துப்புரவுச் சாதியில் பிறந்தவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நோன்பாகத் துப்புரவு செய்தவர்களை நோக்க இக்கண்டனம் கடுமையானதே. ஆயினும் அதன் அடிப்படை மறுக்கவியலாதது. தொழிலைப் புனிதமாக்குவதை விடுத்துத் தேவையற்றதாக்க முனைந்ததால், கோபுரிக் கழிப்பறை, அதை உருவாக்கியவர் கருதினாலும் கருதாவிடினும், அம்பேத்கரின் வினாவுக்கு அணுக்கமாக வந்துநிற்கிறது.

இரட்டைக்குழியும் சட்டமும்

பின்னாளில் நாடளாவிப் பரவியது உலர்முறை அன்று. சிறிது நீரூற்றும் இரட்டைக்குழி முறையே. பீகாரில் காந்தி நூற்றாண்டு விழாக் குழுவில் பணிபுரிந்த பிந்தேஷ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் இதனைப் பெருமளவில் எடுத்துச் சென்றது. சிறுவயதில் துப்புரவுப் பெண் ஒருவரைத் தொட்டதற்காகத் தம் பாட்டியார் சாணமும் கோமூத்திரமும் கங்கை நீரும் விழுங்கச் செய்தார் என 2023இல் மறைந்த பாடக் பலமுறை கூறியுள்ளார். பசுவின் கழிவு மருந்தாகவும் மனிதக் கழிவைச் சுமப்பவரின் தொடுகை நோயாகவும் ஒரே நிகழ்ச்சியில் வெளிப்படுவதை இதனினும் தெளிவாகக் காண்டல் அரிது. நீர் கலந்தமையால் கால் கழுவும் மரபுக்கு இம்முறை உகந்ததாயிற்று. வளைகுழாயில் தங்கும் நீர் நாற்றத்தைத் தடுத்தது. குழிக்குள் நடப்பதோ கண்கவலியில் நடந்ததே. நிரம்பிய குழியை ஒன்றரை அல்லது இரண்டாண்டு மூடிவைத்தால் எரு கிடைக்கும்.

எடுப்புக் கழிப்பறைகளைத் தடைசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டம், நீரடைப்பு இல்லாத கழிப்பறை அனைத்தையும் உலர் கழிப்பறை என வரையறுத்தது. நோக்கம் சரியானது, ஆனால் சொல்லின் பரப்பு மிகுந்துவிட்டது. கோபுரிக் கழிப்பறையும் எடுப்புக் கக்கூசும் சட்டத்தின் எழுத்தில் ஒரே பெயரின்கீழ் அடங்கின. கையால் மலம் அள்ளுதலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் நுட்பமானது. கழிவு முழுமையாக மட்குவதற்குமுன் அதனைக் கையாளவேண்டிய கழிப்பறையே சுகாதாரமற்றது என அது வரையறுத்தது. மலத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான எல்லை இவ்வாறு முதன்முறையாக இந்தியச் சட்டத்தில் காலத்தால் குறிக்கப்பட்டது.

ஊர்மக்களின் எல்லை வேறாக உள்ளது. தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியபின் இரட்டைக்குழி முறையே அரசால் வலியுறுத்தப்பட்டது. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் குடிநீர், துப்புரவுத் துறையின் மத்தியச் செயலரே மட்கிய குழிக்குள் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். எனினும் வட இந்தியச் சிற்றூர்களில் ஆய்வு செய்து டயேன் காஃபியும் டீன் ஸ்பியர்சும் 2017இல் வெளியிட்ட நூல், அரசு தரும் சிறு குழியைப் பலர் விரும்பாமைக்குக் காரணம் அது விரைவில் நிரம்பும் என்னும் அச்சமே என்கிறது. நிரம்பினால் எடுக்கவேண்டும், எடுத்தல் தம் சாதிக்குரிய வேலையன்று, பழைய துப்புரவுச் சாதியினரும் அதனைச் செய்ய இப்போது எளிதில் இசைவதில்லை. மட்கியது மண்ணே என்னும் விளக்கம் இங்குச் செல்லுபடியாவதில்லை. ஆகவே வசதியுள்ளோர் தம் வாழ்நாளில் நிரம்பாத அளவுக்குப் பெருந்தொட்டி கட்டுகின்றனர். காற்றும் சருகும் இல்லாத அத்தொட்டியில் கழிவு எருவாவதில்லை; சேறாகித் தங்கி, நச்சுவாயுவைச் சேர்த்துவைக்கிறது. அத்தகைய தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் இறங்கி இறந்தோரின் குடும்பத்தினர்க்கு 1993 முதல் கணக்கிட்டுப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது.